எந்த ஊர் என்று எழுதட்டும்?

அத்தியாயம் 14

போன வாரம் பூங்கொடியை ஊத்தங்கரை பஸ் நிலையத்தில் முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்க விட்டுவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். கவலை வேண்டாம், அவள் ஏறிவிட்டாள். ஜன்னலோர இடமும் கிடைத்தது. பக்கத்தில் குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக அண்ணன் முனிவேல் தூங்கிக்கொண்டு வந்தார். கோபம் வந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வது அவருடைய பழக்கம். அன்றைக்குக் கிருஷ்ணகிரி தாண்டியும் திறக்கவில்லை.

கோபத்துக்குக் காரணம் தெரிந்ததுதான். பூங்கொடிக்கும் சென்னகிருஷ்ணனுக்கும் விவாகரத்து ஆகி நான்கு மாதம் ஆகிறது. நாற்பத்தாறு வயதில் தங்கை இனி எங்கே இருப்பாள் என்று அண்ணன் யாரையும் கேட்கவில்லை. ஊத்தங்கரையில் தன் வீட்டு மாடி அறைக்கு வெள்ளையடித்து, மின்விசிறியும் மாட்டிவிட்டார். மகள் வினிதா பெங்களூரில் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். வாழ்ந்த காவேரிப்பட்டணத்திலேயே இருந்துவிடுங்கள், யார் என்ன செய்துவிட முடியும் என்றார் வக்கீல். ஆளுக்கு ஓர் ஊரைக் கையில் எடுத்துக் கொடுத்தார்கள். பூங்கொடி யாரும் சொல்லாத ஓர் ஊரைச் சொன்னாள். ஓசூர்.

"ஓசூர்ல நமக்கு யாரு இருக்காங்க?" என்று முனிவேல் கேட்டார்.

"யாருமில்ல. அதுக்குத்தான் அண்ணா."

மூன்று நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். "ஒரே ஒரு நாளு. பொழுது சாயறதுக்குள்ள வேலையும் வூடும் ரெண்டும் அமைஞ்சா நீ அங்க இரு. ஒண்ணு தட்டிப்போனாலும் என்கூட கெளம்பிடணும். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது." பூங்கொடி சரி என்று தலையாட்டினாள். அந்த ஒரு நாள்தான் இன்றைக்கு.

சென்னகிருஷ்ணனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. மாங்கூழ் ஆலையில் ஃபிட்டர். வீட்டில் எது பழுதானாலும் தானே கழற்றி மாட்டுவார். மாட்டி முடித்ததும் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு நகர்ந்தால் ஸ்க்ரூ தளர்கிறது என்று அர்த்தமாம். கதவு, ஜன்னல், சுவிட்ச் பலகை என்று வீடு முழுக்க மஞ்சள் பொட்டு. சுவருக்கு என்ன நிறம், மகளுக்கு என்ன படிப்பு, பூங்கொடி எந்தத் திருவிழாவுக்கு அம்மா வீட்டுக்குப் போகலாம், எல்லாவற்றையும் அதேபோல் அவரே இறுக்கி முடித்துப் பொட்டு வைத்துவிடுவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒன்றைக்கூட அவளைக் கேட்டுச் செய்ததில்லை. என்னம்மா குறை என்று கேட்டவர்களுக்கெல்லாம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவள் விழித்தாள்.

பெங்களூரில் மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பஸ் ஓசூர் வழியாகத்தான் போகும். ஒரு தடவைகூட அவள் அங்கே இறங்கியதில்லை. இன்றுதான் இறங்கினாள்.

டவுன் பஸ் பிடித்து மூக்கண்டப்பள்ளி வந்தபோது மணி ஏழு. ரோஜாப் பண்ணையின் வேன் ஏழேகாலுக்கு அந்த முக்கில் வந்து ஆட்களை ஏற்றும் என்று போனில் சொல்லியிருந்தார்கள். அந்த வேலை விளம்பரத்தைப் பஸ் சீட்டின் முதுகில் பார்த்துத் தானாகவே போன் போட்டவள் பூங்கொடி. வீடு மட்டும் வினிதா விசாரித்துச் சொன்னது.

பனி இன்னும் விலகவில்லை. அந்தப் பனிக்குள்ளிருந்து ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

நீலச் சட்டை, சாம்பல் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. சந்துக்குச் சந்து பெண்கள் கும்பல் கும்பலாக வந்து சாலையோரம் வரிசை கட்டினார்கள். தலை ஈரம் காயாதவர்கள், நடந்துகொண்டே இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிறவர்கள். இரவு வேலை முடிந்தவர்கள் எதிர்த்திசையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினார்கள். கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்று, வாயைத் திறந்து, நிரம்பிப் போயின. டீக்கடைக்காரர், ஒருவரிடம் கன்னடத்தில் கேட்டு, அடுத்தவரிடம் தெலுங்கில் சில்லறை வாங்கி, மூன்றாமவரை மதுரைத் தமிழில் வைதார்.

பூங்கொடி ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்தாள். இத்தனை பேரில் ஒருவர்கூட இந்த ஊரில் பிறந்திருக்க மாட்டார் போலிருக்கிறதே என்று தோன்றியது. எல்லோரும் எங்கிருந்தோ கிளம்பி வந்தவர்கள். வந்ததோடு நிற்காமல், இதோ நேரத்துக்கு எழுந்து, தலை வாரி, பஸ் ஏறுகிறார்கள். ஒரு நாளைக்குள் நடக்கும் காரியமா இது என்று அவளுக்கு மேல் சிலிர்த்தது. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்கு மாதமாகக் காவேரிப்பட்டணத்தில் கடைக்குப் போனால்கூட முதுகில் பார்வை ஊர்ந்தது. இங்கே முதுகு லேசாக இருந்தது.

"திருவிழாக் கூட்டமாட்டம் இருக்குதே," என்றார் முனிவேல். கோபத்தை ஒரு நிமிடம் மறந்துவிட்டார்.

"தெனமும் இப்படித்தானாம்," என்றாள் பூங்கொடி.

வேன் வந்தது. கதவைத் திறந்தவள் தாஹிரா, பண்ணையின் சூப்பர்வைசர். நாற்பதை ஒட்டிய வயது, தலையில் முக்காடு, அதற்கு மேல் கம்பளித் தொப்பி. "நீங்கதான் போன் பண்ண அக்காவா? ஏறுங்க. அண்ணனும் வராரா? வரட்டும், எடமிருக்குது."

வேனுக்குள் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். எந்த ஊரு? ஊத்தங்கரை என்றதும், "நம்ம பேக்கிங்ல ஒரு ஊத்தங்கரை இருந்துச்சே," என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று அடுத்த கேள்வி வரும் என்று பூங்கொடி பதிலைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். உத்தனப்பள்ளி வந்துவிட்டது, கேள்வி வரவில்லை.

பண்ணை ராயக்கோட்டை சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. வெள்ளை பிளாஸ்டிக் கூரை போட்ட பசுமைக்குடில்கள், ஒவ்வொன்றும் கல்யாண மண்டபம் அகலம். மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு இரண்டு கதவுகளைத் தாண்டி உள்ளே போனார்கள். வெளியே இருந்த குளிர் அப்படியே நின்றுவிட்டது.

ரோஜா. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ரோஜா. ஆள் நெஞ்சு உயரத்துக்கு விறைப்பாக நிற்கும் தண்டுகள், தண்டுக்கு ஒரே ஒரு மொட்டு, எல்லாம் ஒரே மாதிரி இறுகிச் சிவந்து நின்றன. சாமந்தித் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் பூங்கொடி. பூவைத் தலையாகக் கிள்ளி, கூடையில் கொட்டி, கிலோக் கணக்கில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு உலகமாக இருந்தது. ஒரு மொட்டைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

"வாசமே இல்லியே."

"இது கண்ணுக்கு மட்டும்தாங்க்கா. ரொம்பத் தூரம் போவணுமில்ல," என்றாள் தாஹிரா. "எல்லாம் காதலர் தினத்துக்குப் போறது. இன்னும் ஒரு மாசம்கூட இல்ல."

முனிவேல் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

செடியின் அடியில் நிறையத் தண்டுகள் வளைந்து மண்ணோடு படுத்திருந்தன. நோய் வந்து சாய்ந்ததா என்று பூங்கொடி கேட்டாள்.

"நாங்கதான் மடக்கி விட்டோம். மெலிசா வர தண்ட வெட்டிப் போட மாட்டோம். வளைச்சுப் படுக்க வெச்சிருவோம். அது பூக்காது, ஆனா அதோட எலைதான் செடிக்குச் சோறு. ஆறு வாரத்துல அடியிலேருந்து வெரல் தண்டி புதுக்குருத்து கெளம்பும் பாருங்க."

பூங்கொடி குனிந்து பார்த்தாள். படுத்துக் கிடந்த தண்டின் மடிப்பை ஒட்டி, செக்கச்செவேலென்று ஒரு குருத்து தடித்து நின்றது. எழுந்திருக்க மனமில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாஹிரா ஒரு பாத்தியைக் காட்டினாள். தண்டில் பெரிய மொட்டுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாக முளைக்கும் பக்க மொட்டுகளைக் கிள்ள வேண்டும். அவ்வளவுதான் சோதனை. நான்கு தண்டில் செய்து காட்டிவிட்டு, "பதினோரு மணிக்கு வந்து பாக்கறேன்," என்று குளிர் அறைப் பக்கம் போனாள்.

பத்து மணிக்கே பூங்கொடி முடித்துவிட்டாள்.

தவறு அங்கேதான் பிறந்தது. வேலை முடிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க அவளுக்குத் தெரியாது. பக்கத்துப் பாத்தியைப் பார்த்தாள். முழங்கால் உயரத்தில் இளஞ்சிவப்புக் குருத்துகள், இன்னும் மொட்டு வைக்கவில்லை. சாமந்தி நட்டு ஒரு மாதத்தில் இதே பருவம் வரும்போது என்ன செய்வார்கள்? தலையைக் கிள்ளுவார்கள். நுனியைக் கிள்ளினால்தான் செடி பக்கவாட்டில் வெடித்து, ஒன்றுக்குப் பத்தாகப் பூக்கும். இதை ஊத்தங்கரைப் பக்கம் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவம், ஆள் பற்றாக்குறை போலிருக்கிறது, கிள்ளாமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். விரல்கள் தாமாகவே ஓடின. கண் இமைக்கிற நேரத்துக்கு ஒன்று.

பதினோரு மணிக்குத் தாஹிரா வந்தபோது முக்கால் பாத்தி மொட்டையாக நின்றது.

அவள் கத்தவில்லை. ஒரு குருத்தைத் தூக்கிப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "யாருக்கா இதக் கிள்ளச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான்..."

"ஒரு குருத்து ஒரு பூவுக்கா. நுனி போச்சுன்னா பூவே போச்சு. இதெல்லாம் பிப்ரவரிக்குப் போவ வேண்டியது."

வாசலருகே உட்கார்ந்திருந்த முனிவேல் எழுந்து வந்தார். இதற்காகத்தானே காத்திருந்தார்? வேலை போயிற்று, கிளம்பு என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் உண்டா? அவரும் அப்படித்தான் எழுந்தார். ஆனால் வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"அதெப்படிம்மா தப்பு? தலையைக் கிள்ளாம வுட்டா செடி எப்படி விரியும்? எங்க ஊர்ல வந்து பாருங்க. இவ கிள்ளுன தோட்டத்துல செடிக்கு அம்பது பூவு எடுத்திருக்கறன் நானு. இவ கைக்குச் சுத்துப்பட்டுல ஆள் கெடையாது."

சொல்லி முடித்த பிறகுதான் யார் பக்கம் பேசினோம் என்று அவருக்கு உறைத்தது. குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். பூங்கொடி அண்ணனையே வியப்போடு பார்த்தாள். அவள் வேலையைப் பற்றி அவர் இப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

மேனேஜர் மாதேஷ் மத்தியானத்துக்கு மேல் வந்தார். விவசாயக் கல்லூரியில் படித்த பையன், முப்பது வயதுகூட இருக்காது. புது ஆள் தெரியாமல் செய்துவிட்டார் என்று தாஹிரா இழுத்தாள். பூங்கொடி குறுக்கிட்டாள். பழைய பூங்கொடியாக இருந்தால் தலையைக் குனிந்து, தப்புதான், தப்புதான் என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்திருப்பாள்.

"தெரியாம செய்யல சார். சரின்னு நெனச்சு செஞ்சேன். எங்க சாமந்திக்கு இதுதான் சரி. உங்க செடிக்குக் கூடாதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. இனிமே கேக்காம தொட மாட்டேன். அந்த மொதல் பாத்திய மட்டும் ஒருதரம் பாத்துருங்க."

மாதேஷ் முதல் பாத்திக்குள் போய் நடந்தார். ஒரு தண்டில்கூடப் பக்க மொட்டு மிச்சமில்லை, ஒரு இலையில்கூட நகக்கீறல் இல்லை. திரும்பி வந்து மொட்டைப் பாத்தியின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இது இனிமே துளிர்த்துப் பூக்க மார்ச் ஆயிடும்," என்றார். "பூக்கற வரைக்கும் இந்தப் பாத்தி உங்க பொறுப்பு. நல்லா வந்துச்சுன்னா மேல பேசலாம். வரலேன்னா அதோட சரி. அதுவரைக்கும் இருப்பீங்களா?"

இருப்பீங்களா என்றுதான் கேட்டார், இரு என்று சொல்லவில்லை. பூங்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. "இருப்பேன் சார்," என்றாள்.

வேலை அமைந்தது, மார்ச் வரைக்குமாவது. வேனில் திரும்பும்போது முனிவேல் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் வீடு இருக்கிறது அல்லவா?

நஞ்சம்மாவின் வீடு மூக்கண்டப்பள்ளியில் நான்காவது சந்து. முன்னால் அவருடைய வீடு, பக்கவாட்டில் வரிசையாக எட்டுக் கதவுகள். அறுபதைத் தாண்டிய நஞ்சம்மா போனில் தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டே இவர்களைக் கையசைத்து உட்காரச் சொன்னார். போனை வைத்துவிட்டு, "யாரு யாரு இருப்பீங்க?" என்று கேட்டார்.

முனிவேல் முந்திக்கொண்டார். பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. "மாப்ள வெளியூர்ல வேலையா இருக்காருங்க. அப்பப்ப வருவாரு."

அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டால் போதும், வீடு கிடைத்துவிடும். ஆனால் நாளைக்கு யாராவது கேட்பார்கள், நாளை மறுநாளும் கேட்பார்கள். இந்த ஊரிலும் இல்லாத ஒரு மனிதருக்குப் பயந்து வாழ வேண்டும். காலையில் லேசாக இருந்த முதுகைப் பூங்கொடி நினைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா. நான் மட்டும்தான். எனக்கு விவாகரத்து ஆயிடுச்சு."

முனிவேல் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

நஞ்சம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. தண்ணி காலையில ஆறு மணிக்கு வரும். ரெண்டு குடம் புடிச்சு வெச்சுக்கோ. மாடியில துணி காயப்போட்டா எடுத்துரணும், கொரங்கு தூக்கிட்டுப் போயிடும்."

பூங்கொடி இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. நான்கு மாதமாகத் தொண்டையில் வைத்துக்கொண்டு நடந்த வார்த்தை, இந்த ஊரில் தண்ணீர் வரும் நேரத்துக்கு முன்னால் சொல்லும் ஒரு தகவல். அவ்வளவுதானா? அவ்வளவுதானா? அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

நஞ்சம்மா ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். ஒவ்வொரு கதவின் மேலும் ஓர் ஊர்ப்பெயர் எழுதியிருந்தது. ஆரணி. ஊத்தங்கரை. தேனி. கட்டாக். கும்பகோணம். "ஆளுங்க மாறிட்டே இருப்பாங்க, யாரு பேர நெனப்பு வெச்சுக்கறது? சிலிண்டர்காரனுக்கும் கூரியர்காரனுக்கும் இதான் சுலபம். உனக்கு எந்த ஊர்னு எழுதட்டும்?"

"ஊத்தங்கரைன்னு போடுங்க," என்றார் முனிவேல்.

"அது ரெண்டாவது வூட்டுக்குப் போட்டாச்சு. ரெண்டு இருந்தா கொழப்பம். வேற சொல்லு."

முனிவேலின் வாய் திறந்து, காவேரிப்பட்டணம் என்று சொல்ல வந்து, தங்கையின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டது.

பூங்கொடி அந்தக் கதவைப் பார்த்தாள். பிறந்த ஊரை யாரோ அவளுக்குக் கொடுத்தார்கள். வாழ்ந்த ஊரையும் யாரோதான் கொடுத்தார்கள்.

"ஓசூர்னு எழுதுங்கம்மா," என்றாள்.

சாக்பீஸ் நின்றது. "முப்பது வருசமா வாடகைக்கு வுடறேன். இந்த ஊரச் சொன்னது நீ ஒருத்திதான்," என்று சொல்லிவிட்டு, நஞ்சம்மா எக்கி, பெரிய எழுத்தில் எழுதினார். ஓசூர்.

முனிவேல் அந்த எழுத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு மஃப்ளரைக் கழற்றித் தங்கையின் கழுத்தில் சுற்றினார். "இங்க குளிரு ஜாஸ்தி," என்றார். "பொழுது சாய்ஞ்சிருச்சு கண்ணு. நான் சொன்னது சொன்னதுதான். வரட்டுமா?"

சந்து முனையில் அவருடைய குல்லாய் மறையும் வரைக்கும் பூங்கொடி பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் உள்ளே வந்தாள். ஓர் அறை, ஒரு சமையல் மேடை, ஒரு ஜன்னல். ஜன்னலில் திரை இல்லை. என்ன நிறத்தில் போடலாம் என்று யோசித்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பச்சை போடலாம், மஞ்சள் வேண்டாம்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். கனமான, பளபளப்பான, புத்தம்புதுத் தாழ்ப்பாள். பழைய கதவுக்குச் சற்றும் பொருந்தாமல் இருந்தது.

நான்கு ஸ்க்ரூ. நான்கின் தலையிலும் ஒரு மஞ்சள் பொட்டு.

பூங்கொடி மெதுவாக விரலை வைத்தாள். விரலில் மஞ்சள் ஒட்டியது. பெயின்ட் இன்னும் காயவில்லை.

இந்த வீட்டைப் பற்றி வினிதாவுக்கு மட்டும்தான் தெரியும்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். நஞ்சம்மா குழாயடியில் நின்றிருந்தார்.

"அம்மா, இந்தத் தாழ்ப்பாள் யாரு போட்டது?"

"மத்தியானம் ஒருத்தரு வந்தாரு. உம் பொண்ணு அனுப்புச்சுன்னு சொன்னாரு. ஆசாரின்னு நெனச்சேன். காசுகூட வாங்கல, சாயங்காலம் வந்து இன்னொருதரம் பாக்கறேன்னுட்டுப் போனாரு. ஏன், சரியில்லியா?"

சந்தின் மறுமுனையில் சாயங்கால ஷிஃப்ட் பஸ் வந்து நின்றது. பெண்கள் சிரித்துக்கொண்டே இறங்கி, அவரவர் ஊர்ப்பெயர் எழுதிய கதவுகளை நோக்கி வந்தார்கள். பூங்கொடி தலைக்கு மேலிருந்த ஈரமில்லாத வெள்ளை எழுத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கழுத்து மஃப்ளரின் முனையில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"தாழ்ப்பாள் நல்லாத்தான் இருக்குதும்மா," என்றாள். "உங்ககிட்ட ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்குமா?"